வார்கிராஃப்ட் கிளாசிக்கில் முதல் கிளாஸ்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் கணினி விளையாட்டில் ஒன்பது கிளாஸ்கள், அதாவது கேரக்டர் வகைகள், உள்ளன: வாரியர், பாலடின், ஹன்டர், ரோக், ப்ரீஸ்ட், ஷாமன், மேஜ், வார்லாக், ட்ரூயிட். புதிதாக வருபவர்களில் பலரும் கனத்த கவசம் போட்ட வாரியரையோ, இரண்டு கைகளிலும் கத்தி பிடித்த ரோக்கையோ எடுக்கிறார்கள். பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ உட்கார்ந்து தனியாகத் தொடங்குபவருக்கு அதிகம் சோதனை தருபவை இந்த இரண்டும்தான். கைத்திறமை குறைவு என்பதல்ல காரணம். நெட் லைன் எப்படி, எந்த நேரத்தில் ஆட முடியும், கூட யார் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிவதற்குள் கிளாஸை முடிவு செய்துவிடுகிறார்கள்.

எடுத்த கிளாஸைப் பிறகு மாற்ற முடியாது. டேலன்ட்டுகளை, அதாவது லெவல் ஏறும்போது புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன்களை, விளையாட்டின் தங்கம் கொடுத்து அழித்து மறுபடி போடலாம். முதல் முறை 1 தங்கம், அடுத்தது 5, அப்படியே ஏறி 50 வரை போகும். கிளாஸ் பிடிக்கவில்லையென்றால் லெவல் 1-இலிருந்து புதுக் கேரக்டர்தான். லெவல் 60-ஐத் தொடப் புதியவருக்கு 150 முதல் 250 மணி நேரம் பிடிக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஆடுபவருக்கு மூன்று நான்கு மாதம். அதனால் முதல் வாரத்தைத் தேர்வுக்கே ஒதுக்குங்கள்.

படி 1: லைனை அளந்துகொள்ளுங்கள்

இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் சர்வர் கிடையாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. அதாவது 100 கி.மீ. தள்ளியிருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்ப 1 மில்லிசெகண்ட். நம்மிடமிருந்து மேற்கு ஐரோப்பா சுமார் 8,000 கி.மீ., சிட்னி சுமார் 9,000, அமெரிக்காவின் மேற்குக் கரை சுமார் 14,000. கணக்குப்படி 80, 90, 140 மில்லிசெகண்டுக்குக் கீழே பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) போகவே முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல இடங்களில் கை மாறுகிறது என்பதால் அந்த எண்ணைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 எம்பி பிளானை 300 எம்பி ஆக்கினாலும் இந்த எண் குறையாது. அங்கே கூடுவது லைனின் அகலம்தான், தூரம் அப்படியேதான் இருக்கிறது.

அளக்கும் முறை எளிது. ஏதாவது ஒரு கேரக்டரை உருவாக்கி, தொடக்கக் கிராமத்தில் நிறுத்தி, திரையின் கீழே உள்ள மெனு பட்டன் மேல் மவுஸை வையுங்கள். ஹோம், வேர்ல்ட் என்று இரண்டு எண்கள் தெரியும். சண்டைக்குப் பொருந்துவது வேர்ல்ட். நீங்கள் வழக்கமாக ஆடப்போகும் அதே நேரத்தில் பத்து நிமிடம் அதைக் கவனியுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு குதிக்கிறது என்பதே முக்கியம். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு எத்தனை நேரம் ஆகும் என்று தெரிந்திருந்தால் அதற்கேற்பக் கிளம்பலாம். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த நாளில் அந்தக் கணக்கு உதவாது. 220-இல் அசையாமல் நிற்கும் லைனில் நிம்மதியாக ஆடலாம். 120-க்கும் 600-க்கும் நடுவில் தாவும் லைன்தான் ஆளைக் கொல்லும்.

தாவினால் முதலில் வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போடுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டைத் தவிருங்கள். ஆட்டத்துக்கு டேட்டா அதிகம் ஆகாது, ஒரு மணி நேரத்துக்கு 100 எம்பிக்குள் முடிந்துவிடும். ஹாட்ஸ்பாட்டில் பிரச்சினை டேட்டா அளவு அல்ல, இந்தத் தாவல்தான். அடுத்து, ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ் ஒன்று வாங்குங்கள். கரன்ட் போனதும் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் செத்துவிடும், உங்கள் கேரக்டரோ எதிரிகளுக்கு நடுவே சில நொடிகள் அப்படியே நின்றுகொண்டிருக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு டன்ஜன் (குழுவாகப் போய்ச் சண்டையிடும் தனிக் களம்) போகும் நாளை வையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு லைன் 250-க்குள் சீராக நின்றால் எந்தக் கிளாஸும் எடுக்கலாம். இன்னமும் தாவினால் ஹன்டர், வார்லாக், பாலடின் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. ஹன்டரின் ஆட்டோ ஷாட்டும், அவர் பழக்கி வைத்திருக்கும் மிருகமான பெட்டின் கடியும், வார்லாக் ஏற்றிய கரப்ஷன் என்ற மெல்லக் கொல்லும் மந்திரமும், பாலடினின் தானாக விழும் சுத்தியல் அடியும் சர்வரிலேயே நடக்கின்றன. உங்கள் லைன் இரண்டு நொடி திக்கினாலும் அடி நிற்காது. ரோக்குக்கு அப்படியில்லை. பட்டனைச் சற்று முன்னதாக அழுத்தினால் கிளாசிக் அதை வரிசையில் வைத்துக்கொள்ளும் என்பதால் சாதாரண அடியில் தாமதம் தெரியாது. இரண்டு இடங்களில் தெரியும். ஒன்று, பேக்ஸ்டாப் எதிரியின் முதுகுப் பக்கமிருந்து மட்டுமே விழும். ஓடும் வேகம் நொடிக்கு 7 கெஜம். கால் நொடி தாமதத்தில் ஒன்றே முக்கால் கெஜம் பிசகும். உங்கள் திரையில் பின்னால் நிற்கிறீர்கள், சர்வர் கணக்கில் பக்கவாட்டில் நிற்கிறீர்கள், அடி மறுக்கப்படும். இரண்டு, எதிரி மந்திரம் ஓதும்போது கிக் போட்டு நிறுத்துவது. நீங்கள் அழுத்தி அது போய்ச் சேர்வதற்குள் மந்திரம் முடிந்திருக்கும். அப்படியும் ரோக்தான் வேண்டும் என்பவர்கள் கத்தியை வைத்துவிட்டு வாள் எடுத்து, சினிஸ்டர் ஸ்ட்ரைக்கை நம்பி ஆடுங்கள். அதற்கு முதுகு தேவையில்லை.

படி 2: சர்வரின் மாலை உங்களுக்கு எத்தனை மணி

பலர் இதை யோசிப்பதே இல்லை. ஐந்து பேர் சேர்ந்து போகும் டன்ஜனுக்கும் 40 பேர் போகும் மோல்டன் கோர் ரெய்டுக்கும் ஆட்கள் சேர்வது அந்த ஊரின் மாலை எட்டு மணி வாக்கில்தான். மேற்கு ஐரோப்பாவில் இரவு 8 என்றால் நமக்கு குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30, கோடையில் 11.30. சிட்னியில் இரவு 8 என்றால் நமக்குப் பிற்பகல் 3.30, அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் மாதங்களில் 2.30. அமெரிக்க மேற்குக் கரையில் இரவு 8 என்றால் நமக்குக் காலை 8.30 அல்லது 9.30.

ஓசூர் சிப்காட்டில் காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வீடு சேர்பவருக்கு ஆஸ்திரேலிய சர்வர் பொருந்தும். இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு அமெரிக்க சர்வர். கல்லூரி மாணவர்களுக்கு ஐரோப்பா, அதுவும் வார இறுதியில் மட்டும். ஆஸ்திரேலிய சர்வர்கள் அமெரிக்கப் பிராந்தியத்துக்குள்ளேயே வருகின்றன, எனவே அந்த இரண்டுக்கும் ஒரே கணக்கு போதும். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கப் பிராந்தியத்துக்குக் கேரக்டரை மாற்ற முடியாது. மாதச் சந்தா கட்டுவதற்கு முன்பே இதைத் தீர்த்துவிடுங்கள்.

உங்கள் ஓய்வு நேரம் சர்வரின் கூட்ட நேரத்தோடு சேரவில்லையென்றால் பெரும்பாலும் தனியாகத்தான் ஆடுவீர்கள். தனியாக எதிரியைச் சாய்க்கும் கிளாஸ் வேண்டும். சேர்ந்தால், மற்றவர்களின் காயத்தை ஆற்றும் ஹீலர் கிளாஸும் நல்ல தேர்வு. ஐந்து பேர் குழுவுக்கு ஒரு டேங்க் (முன்னே நின்று அடி வாங்குபவர்), ஒரு ஹீலர், மூன்று டேமேஜ் (அடிப்பவர்கள்) தேவை. டேமேஜுக்கு ஆள் குவிந்திருக்கும், ஹீலருக்குத் தேடுவார்கள். ஒரு மணி நேரமே கையில் உள்ளவர் அதில் முக்கால் மணி நேரத்தைக் குழு சேர்ப்பதிலேயே இழக்கக் கூடாது.

சர்வர் வகை பற்றி ஒரு வார்த்தை. மற்ற ஆட்டக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் உங்களைத் தாக்கக்கூடிய சர்வரில் முதல் கேரக்டரை வைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் வந்த ஹார்ட்கோர் சர்வர்களில் ஒரே சாவு, கேரக்டர் முடிந்தது. கரன்ட் எப்போது போகும் என்று தெரியாத வீட்டிலிருந்து முதல் ஆட்டத்தை அங்கே தொடங்குவது வேண்டாம்.

படி 3: தனியாகவா, நண்பர்களோடா

அரூரில் ஒருவர், ஊத்தங்கரையில் ஒருவர், பென்னாகரத்தில் ஒருவர் என்று மூவர் சேர்ந்து தொடங்கினால் கணக்கே மாறுகிறது. தனியாக இழுபறிப்படும் வாரியர், பின்னால் ப்ரீஸ்ட் நின்றதும் வேறு ஆளாகிவிடுவார். வாரியர், ப்ரீஸ்ட், மேஜ் மூவரும் நல்ல கூட்டு: மேஜ் லெவல் 4-இலிருந்து தண்ணீரையும் 6-இலிருந்து உணவையும் மந்திரத்திலேயே வரவழைப்பதால் மூவருக்கும் அந்தச் செலவு மிச்சம். இருவர் மட்டும் என்றால் வாரியரோடு பாலடின் அல்லது ஷாமன். விளையாட்டில் அலையன்ஸ், ஹோர்ட் என்று எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு. பாலடின் அலையன்ஸ் பக்கம் மட்டுமே உண்டு, ஷாமன் ஹோர்ட் பக்கம் மட்டுமே உண்டு. ஒரே பக்கத்தில் இருந்தால்தான் சேர்ந்து ஆட முடியும். பக்கத்தை முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

இப்படிப்பட்ட கூட்டுகள் உடைவது எப்போதும் ஒரே இடத்தில்தான். ஒருவருக்கு லீவு கிடைக்கிறது, ஆறு லெவல் முன்னே போய்விடுகிறார். அவருக்கு அனுபவப் புள்ளி தராத எதிரிகள்தான் மற்றவர்களுக்குச் சரியான எதிரிகள். குழுவுக்கு ஒரு கேரக்டர், தனியாக ஆட இன்னொரு கேரக்டர் என்று முதல் நாளிலேயே பிரித்து வையுங்கள். குழுக் கேரக்டரை மூவரும் இருக்கும்போது மட்டும் தொடுங்கள்.

படி 4: ஒன்பதையும் எடை போடுவது

தனியாகத் தொடங்குபவருக்கு முதல் பரிந்துரை ஹன்டர். அதை அடுத்த படியில் விரிவாகப் பார்க்கலாம்.

இரண்டாவது வார்லாக். லெவல் 10-இல் கிடைக்கும் வாய்ட்வாக்கர் என்ற பூதம் முன்னே நின்று அடி வாங்கும். நீங்கள் கரப்ஷன், இம்மோலேட், கர்ஸ் ஆஃப் அகனி மூன்று மந்திரங்களையும் ஏற்றிவிட்டு வான்ட் என்ற மந்திரக்கோலால் முடிக்கலாம். மந்திரம் ஓதச் செலவாகும் சக்தியான மானா குறைந்தால் லைஃப் டாப் உயிரைக் கொடுத்து மானா வாங்கித் தரும். லெவல் 40-இல் எல்லோரும் குதிரைக்கு 80, ஓட்டக் கற்க 20 என்று 100 தங்கம் சேர்க்கத் திண்டாடும்போது வார்லாக்குக்கும் பாலடினுக்கும் தம் கிளாஸ் வழியாகவே குதிரை வந்துவிடும். தொல்லை ஒன்று உண்டு, அது பை. வாய்ட்வாக்கரை அழைக்க ஒவ்வொரு முறையும் ஒரு சோல் ஷார்ட் (ஆன்மாத் துண்டு) வேண்டும். எதிரி சாகும் நொடியில் ட்ரெய்ன் சோல் மந்திரம் ஓடிக்கொண்டிருந்தால்தான் ஷார்ட் கிடைக்கும். ஒவ்வொன்றும் பையில் ஓர் இடத்தை அடைக்கும். தொடக்கப் பையில் இருப்பதே 16 இடம். ஐந்து ஷார்ட் போதும், மீதியை அழித்துவிடுங்கள். இன்னொரு தவறு குகைக்குள் ஃபியர் போடுவது. பயந்து ஓடும் எதிரி உள்ளே இருப்பவர்களையும் கூட்டி வருவான்.

பாலடின் மெதுவான கிளாஸ், ஆனால் சாகாத கிளாஸ். சீல் மந்திரத்தைப் போட்டு, ஜட்ஜ்மென்ட் அடித்து, ஆயுதம் தானாக அடிக்கட்டும் என்று விடுவதுதான் வேலை. பட்டன் குறைவு என்பதால் சிலருக்குச் சலிக்கும். வேலை முடிந்து களைத்து வருபவருக்கோ அதுதான் வசதி. மனித, குள்ளப் பாலடின்களுக்கு லெவல் 20-இல் தொடங்கும் வெரிகன்ஸ் ஃபிஸ்ட் குவெஸ்டை (விளையாட்டில் தரப்படும் பணி) தவறவிடாதீர்கள். அந்தச் சுத்தியல் பல லெவல்களுக்குக் கை கொடுக்கும்.

மேஜ் நல்ல லைன் உள்ளவருக்கு. ஃப்ராஸ்ட்போல்ட்டால் எதிரியின் வேகத்தைக் குறைத்து, அருகில் வந்ததும் லெவல் 10-இல் வரும் ஃப்ராஸ்ட் நோவாவால் உறைய வைத்து, பின்வாங்கி மறுபடி அடிக்க வேண்டும். அந்தப் பின்வாங்கலில்தான் தாமதம் கடிக்கும்: விலகிவிட்டோம் என்று நீங்கள் நினைக்கும் நொடியில் அடி விழும். மேஜ் இரண்டு மூன்று அடிக்கு மேல் தாங்காது.

ப்ரீஸ்ட் எடுப்பவர்கள் முதல் பத்து லெவலில் அலுத்துப்போவது வான்ட் இல்லாததால்தான். என்சான்டிங் தொழில் செய்யும் ஆட்டக்காரர்கள் உருவாக்கும் லெஸர் மேஜிக் வான்டை லெவல் 5-இலேயே பிடிக்கலாம். ஏலக்கடையில் தேடுங்கள், இல்லாவிட்டால் நகரத்தில் சாட்டில் கேளுங்கள். கவச மந்திரம் போட்டு, ஒரு வலி மந்திரம் ஏற்றி, மீதியை வான்டிடம் விடுங்கள். மந்திரம் ஓதி ஐந்து நொடி கழித்தே மானா மறுபடி ஊறத் தொடங்கும்; வான்டில் அடிக்கும் நேரம் முழுவதும் அது ஊறிக்கொண்டிருக்கும். லெவல் 10 முதல் 14 வரை ஐந்து டேலன்ட் புள்ளிகளையும் ஸ்பிரிட் டாப்பில் போடுங்கள்.

வாரியர் தனியாகத் தொடங்கினால் ஆயுதத்தின் அடிமை. உங்களைவிட இரண்டு லெவல் உயர்ந்த எதிரியிடம் அடிகள் தவறிக்கொண்டே இருக்கும். அடி விழாமல் ரேஜ் வராது. ரேஜ் இல்லாமல் திறன் ஓடாது. ஒரு லெவல் கீழே உள்ளவர்களோடு மோதுங்கள், ஃபர்ஸ்ட் எய்ட் கற்றுக் கட்டுத்துணி சேர்த்து வையுங்கள். லெவல் 30-இல் வரும் வேர்ல்விண்ட் ஆயுதக் குவெஸ்ட் வரை பொறுத்தால் பலன் உண்டு.

ஷாமன், ஹோர்ட் பக்கம் தனியாக ஆடுபவருக்கு நிறைவான கிளாஸ். தன்னையே ஆற்றிக்கொள்ளும், 20-இல் ஓநாயாக மாறி வேகமாக ஓடும். ட்ரூயிடை இரண்டாவது கேரக்டராக வைத்துக்கொள்ளுங்கள். 10-இல் கரடி, 20-இல்தான் பூனை. நடுவிலுள்ள பத்து லெவல் இழுவை.

படி 5: ஹன்டர், லெவல் 1 முதல் 12 வரை

இனம்: அலையன்ஸில் குள்ளர் அல்லது நைட் எல்ஃப், ஹோர்டில் ஓர்க், ட்ரோல், டாரன். புதியவருக்குக் குள்ளர் நல்லது. டன் மொரோ கச்சிதமான நிலம், பன்றியும் கரடியும் அங்கேயே கிடைக்கும், அயன்ஃபோர்ஜ் நகரம் பக்கத்தில், அங்கிருந்து ஸ்டார்ம்விண்டுக்கு ட்ராம் உண்டு. ஹோர்டில் டாரன், முல்கோர் புல்வெளி அமைதியான இடம்.

லெவல் 1 முதல் 9 வரை பெட் கிடையாது. இந்தக் கட்டத்தில்தான் ஹன்டர் பலவீனமானது என்று தவறாக முடிவு கட்டுகிறார்கள். தூரத்திலிருந்து சுட்டு, எதிரி வந்ததும் ராப்டர் ஸ்ட்ரைக்கால் கையால் அடியுங்கள். 8 கெஜத்துக்குள் வந்த எதிரியைச் சுட முடியாது, கையால் அடிக்க 5 கெஜத்துக்குள் வர வேண்டும். நடுவிலுள்ள அந்த இடைவெளியில் எதுவும் வேலை செய்யாது. அங்கே மாட்டினால் எதிரியை நோக்கி ஓர் அடி முன்னே வையுங்கள், பின்னால் நகராதீர்கள்.

அம்பு அல்லது குண்டு, ஒரு கட்டுக்கு 200. ஊரைவிட்டுப் புறப்படும்போது ஐந்து கட்டு, அதாவது 1,000 கையில் இருக்கட்டும். அம்பு என்றால் லெவல் 10-இல் ஷார்ப், 25-இல் ரேஸர் என்று மாற்றுங்கள். பழைய அம்பிலேயே ஓட்டுபவர்கள் ஏன் எதிரி சாக நேரமாகிறது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

லெவல் 10 ஆனதும் ஹன்டர் ட்ரெயினரிடம் பெட் குவெஸ்ட் வாங்குங்கள். அதை முடித்தால் டேம் பீஸ்ட் கிடைக்கும். பழக்க 20 நொடி ஆகும், அந்த நேரம் முழுவதும் மிருகம் உங்களைக் கடிக்கும், உங்கள் கவசமும் உதவாது. ஆகவே உயிர் முழுதாக இருக்கும்போது, அதிகபட்ச தூரத்திலிருந்து, பக்கத்தில் வேறு எதிரி இல்லாத இடத்தில் தொடங்குங்கள். உங்கள் லெவலுக்கு மேற்பட்ட மிருகத்தைப் பழக்க முடியாது.

எந்த மிருகம்? பூனை அதிகம் அடிக்கும், கரடி அதிகம் தாங்கும். முதல் பெட்டுக்குச் சாப்பாட்டைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். ஓநாய் இறைச்சி மட்டுமே தின்னும், பூனை இறைச்சியும் மீனும். பன்றி எதையும் தின்னும். பையில் கிடைக்கும் ரொட்டியும் பழமும் அதற்கே போதும். பெட்டின் முகம் பச்சையாக இருந்தால் 125 சதவீத அடி, மஞ்சளில் 100, சிவப்பில் 75. பட்டினி போட்டால் ஓடியே போய்விடும்.

பழக்கிய கையோடு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலோர் மறப்பதும் இதைத்தான். எதிரியைத் தன் பக்கம் இழுத்து வைக்கும் க்ரோல் என்ற உறுமல் புது பெட்டுக்குத் தெரியாது. பீஸ்ட் ட்ரெயினிங்கைத் திறந்து கற்றுக்கொடுத்து, அது தானாக ஓடும்படி வையுங்கள். அடுத்த ரேங்குகளைப் பெட் ட்ரெயினரிடம் வாங்கலாம். க்ரோல் இல்லாத பெட் கடித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி உங்களைத் தேடி வருவான். க்ரோல் வந்த பிறகும் பெட்டை முதலில் அனுப்பி, ஒரு க்ரோல் விழுந்ததும் சுடத் தொடங்குங்கள். லெவல் 12-இல், பெட்டின் காயத்தை ஆற்றும் மென்ட் பெட் வாங்குங்கள்.

டன்ஜனுக்குள் நுழைந்ததும் க்ரோலை அணைத்துவிடுங்கள், எதிரியைப் பிடித்து வைப்பது அங்கே டேங்கின் வேலை. உயரத்திலிருந்து குதிப்பதற்கு முன் டிஸ்மிஸ் பெட் போடுங்கள். நீங்கள் குதித்துவிடுவீர்கள், பெட் படிக்கட்டு வழியாகச் சுற்றி வந்து, வழியிலுள்ள எல்லா எதிரிகளையும் பின்னால் இழுத்து வரும். ஐந்து பேரும் சாவார்கள். ஹன்டருக்குக் கெட்ட பெயர் வந்ததே இந்த இரண்டு தவறுகளால்தான்.

தொழிலுக்கு ஸ்கின்னிங் எடுங்கள். கொன்ற மிருகத்தின் தோலை ஏலக்கடையில் விற்றுக்கொண்டே வந்தால் 40-இல் குதிரைக்குத் தேவையான 100 தங்கத்தில் நல்ல பங்கு சேரும்.

படி 6: இரண்டை ஓட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வது

மேலே உள்ள மூன்று கேள்விகளுக்குப் பொருந்தும் இரண்டு கிளாஸ்களை எடுத்து, ஒவ்வொன்றையும் லெவல் 12 வரை கொண்டுபோங்கள். டேலன்ட், பெட், பல கிளாஸ்களின் முக்கியக் குவெஸ்ட் எல்லாம் 10-இல்தான் திறக்கின்றன. 6-இல் நிறுத்திவிட்டு முடிவெடுத்தால் கிளாஸின் முகத்தைப் பார்க்காமலே முடிவெடுத்ததாகும். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே லைனில் ஆடுங்கள். எத்தனை முறை செத்தீர்கள், அதில் எத்தனை முறை லைன் காரணம், ஒரு சண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். லைனால் செத்த கணக்கு மூன்றைத் தாண்டினால் அந்தக் கிளாஸ் எவ்வளவு பிடித்தாலும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

தள்ளி வைத்த கேரக்டரை அழிக்க வேண்டாம். பெரிய நகரத்தில் மெயில்பெட்டிக்கும் ஏலக்கடைக்கும் நடுவே நிறுத்தி, கிடங்காக்கிக்கொள்ளுங்கள். ஹன்டர் சேர்க்கும் தோல், துணி, விற்க வேண்டிய ஆயுதம் எல்லாவற்றையும் வழியிலுள்ள மெயில்பெட்டியிலிருந்தே அதற்கு அனுப்பலாம். பொருள் ஒன்றுக்கு 30 காப்பர்.